நான் முன்னேஸ்வரத்தில் ஊமையான கதை

பத்து வயதில், ஒரு பகல் முழுவதும் நான் ஊமையாக இருந்தேன். அது மாமாவின் ஏற்பாடு.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். போர்க்காலத்தில் வன்னியை விட்டு வெளிக்கிட்டு, எங்கெங்கோ அலைந்து, கடைசியில் முந்தலுக்குப் பக்கத்தில் உப்புநீர்க் களப்பு ஓரமாக ஒரு துண்டுக் காணியில் வீடு கட்டி இருந்துவிட்டவர். அருகில் இருந்த இறால் பண்ணையில் காவலாளி வேலை. அம்மாவும் அப்பாவும் அவருக்கு முன்பே வள்ளமேறி இந்தியாவுக்குப் போய்விட்டவர்கள். நான் பிறந்தது தமிழ்நாட்டில், ஓர் அகதி முகாமில். போர் முடிந்து இரண்டு வருடங்களின் பின் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு விமானத்தில் திரும்பி வந்தாள். அப்பாவுக்கு அங்கிருந்து வெளியேறும் அனுமதி கிடைக்கவில்லை; பிறகு வருவதாகச் சொல்லியிருந்தார். அம்மாவின் சொந்த ஊரில் இன்னும் கண்ணிவெடி எடுத்து முடியவில்லை என்றார்கள். அதனால் மாமா வீட்டுக்கு வந்தோம்.

முகாமில் அம்மா இந்த நாட்டைப் பற்றிச் சொல்லாத நாள் கிடையாது. "எங்கட ஊரில" என்று தொடங்குவாள். எங்கட ஊரில் தண்ணீருக்கு வரிசையில் நிற்கத் தேவையில்லை. எங்கட ஊரில் தேங்காய் வாங்குவதே இல்லை, விழுந்ததைப் பொறுக்கினால் போதும். பள்ளிக்கூடத்தில் என்னைச் சிலோன்காரி என்று கூப்பிடுவார்கள். நான் அழுதுகொண்டு வந்தால் அம்மா சிரிப்பாள். "சொல்லட்டும், உண்மைதானே. எங்கட ஊருக்குப் போனால் ஒருத்தரும் உன்னை அப்பிடிச் சொல்ல மாட்டினம்" என்பாள்.

அம்மா சொன்னது சரிதான். முந்தலில் ஒருவரும் என்னைச் சிலோன்காரி என்று சொல்லவில்லை. வந்த மூன்றாம் நாளே நான் இந்தியாப் பிள்ளை ஆகிவிட்டேன்.

மாமி என்னைச் சந்திக் கடைக்கு அனுப்பியதில் வந்தது அந்தப் பெயர். கடைக்காரர் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு முஸ்லிம் பெரியவர். தாடி முழுவதும் நரைத்திருந்தது. "அண்ணே, ரெண்டு பிரெட் பாக்கெட் குடுங்க" என்றேன். அவர் தராசை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "பிரெட் பாக்கெட் இல்ல மகள், பாண்தான் இருக்கு. இந்தியாவில இருந்தா வந்திருக்கீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டு, பாணோடு ஒரு டொபியும் தந்தார். "ஆமாங்க" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

நடந்ததை நான் பெருமையாகச் சொன்னபோது மாமாவின் முகம் வெளுத்துப்போனது. "ஆமாங்க எண்டு சொன்னனியோ?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு அம்மாவைக் கூட்டிக்கொண்டு குசினிக்குள், அடுப்படிக்குப் போனார். கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றதை அவர் கவனிக்கவில்லை.

என்னுடைய பிறப்புச் சான்றிதழ் இந்தியாவுடையது. நாங்கள் வந்த பயணத் தாள் ஒரேயொரு பயணத்துக்கானது. அதன் ஆயுள் விமான நிலையத்தோடு முடிந்துவிட்டது. இந்த நாட்டுப் பிரசாவுரிமைக்குக் கொடுத்த விண்ணப்பம் கொழும்பில் ஏதோ ஒரு மேசையில் கிடந்தது. அந்தத் தாள் கைக்கு வரும்வரை நான் எந்த நாட்டுப் பிள்ளையும் இல்லை என்பது மாமாவின் முடிவு. "பிடிச்சாங்கள் எண்டால் உன்னை இஞ்ச விட்டுப்போட்டுப் பிள்ளையைத் தனியத் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள், தங்கச்சி. உனக்கு இவங்களைத் தெரியாது" என்று அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அன்றிலிருந்து வீதியில் எந்த வாகனம் நின்றாலும் நான் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன். தனியே விமானத்தில் ஏற்றினால் இடுப்புப் பட்டியை யார் போட்டுவிடுவார்கள் என்பதுதான் பெரிய கவலையாக இருந்தது. வரும்போது அம்மா போட்டுவிட்டிருந்தாள். அதை எப்படிப் பூட்டினாள் என்று நான் கவனிக்காமல் போனதற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

மாமாவின் மகள், என் மச்சாள், என்னைத் திருத்தும் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஆசிரியை ஆவதென்று அப்போதே தீர்மானித்திருந்தாள். "ஆமா இல்லை, ஓம். பேசுறது இல்லை, கதைக்கிறது. எங்க சொல்லு பாப்பம், நான் கதைக்கிறன்." நான் சொல்வேன். மூன்று சொல் சரியாக வந்தால் நான்காவது சறுக்கும். பயம் வந்தால் நான்குமே சறுக்கும். ஒரு வாரத்தின் பின் மச்சாள் சலித்துப்போனாள். "நீ ஓம் எண்டு சொல்லேக்கையும் இந்தியாவாத்தான் கிடக்கு" என்றாள்.

இதைக் கேட்டு அம்மா சிரித்தாள். "சின்னப் பிள்ளைதானே, பள்ளிக்கூடத்தில பழகினது. எனக்குப் பாருங்கோ அண்ணி, இருபது வருசத்தில ஒரு சொல் மாறயில்லை" என்றாள். மாமி குனிந்து கறிச்சட்டியைக் கிளறினாள்.

முன்னேஸ்வரக் கோயில் திருவிழா வந்தது. பத்திரமாகக் கடல் தாண்டி வந்துவிட்டால் பிள்ளையோடு வந்து அர்ச்சனை செய்வதாக அம்மா முகாமிலேயே நேர்ந்திருந்தாள். மாமாவுக்குக் கூட்டத்துக்குள் போக விருப்பமில்லை. தாள் வரட்டும், அடுத்த வருசம் பார்க்கலாம் என்றார். சாமிக்குச் சொன்னதைத் தள்ளிப்போட முடியாது என்று அம்மா பிடிவாதமாக நின்றாள். கடைசியில் மாமா ஒத்துக்கொண்டார். மாமியை வீட்டுக் காவலுக்கு விட்டுவிட்டு, தேர்த்திருவிழாவன்று விடிய நாங்கள் நான்கு பேரும் வெளிக்கிட்டோம். பஸ்ஸுக்கு நடக்கும்போது மாமா என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"ஆர் என்ன கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. பொலிஸ் கேட்டாலும், ஐயர் கேட்டாலும், ஆர் கேட்டாலும். விளங்குதோ பிள்ளை?"

"சரிங்க மாமா" என்றேன்.

மாமா கண்ணை மூடித் திறந்தார். "அதைத்தான் சொல்லுறன்" என்றார்.

பஸ்ஸில் நடுவழியில் ஓர் இராணுவக்காரர் ஏறி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். லீவில் வீட்டுக்குப் போகிறவர் போலிருக்கிறது. மடியில் ஒரு புதுப் பிளாஸ்டிக் வாளியை வைத்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். நான் உதடுகளைப் பல்லுக்குள் மடித்துக்கொண்டேன். அவர் திரும்பவும் கேட்டார். முன் இருக்கையிலிருந்த மாமா அவசரமாகத் திரும்பி, சிங்களத்தில் ஏதோ சொல்லி, தன் வாயைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டினார். இராணுவக்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது. என் தலையில் கையை வைத்து ஒரு தடவை தடவினார். சிலாபத்தில் இறங்கும்போதும் திரும்பி என்னைப் பார்த்துவிட்டே போனார். அவ்வளவு நல்ல மனிதரை ஏமாற்றிய குற்றமும் அன்று பயத்தோடு சேர்ந்துகொண்டது.

கோயிலடியில் கால் வைக்க இடமில்லை. தமிழ்ச் சனத்தைவிடச் சிங்களச் சனம் அதிகமோ என்று தோன்றியது. வெள்ளை உடுத்து, பழத்தட்டும் தாமரைப்பூவுமாக வந்துகொண்டே இருந்தார்கள். மாமா அம்மாவைக் கூட்டிக்கொண்டு அர்ச்சனைச் சீட்டு வாங்கும் பக்கம் போனார். மச்சாளும் நானும் கையைக் கோர்த்துக்கொண்டு காப்பு, வளையல் விற்கும் ஒரு கடை ஓரமாக நின்றோம். மச்சாளுக்கு ஒரு சோடி சிவப்புக் காப்பு பிடித்துப்போனது. அளவு பார்க்க என் கையை விட்டாள். அந்த நேரம் பார்த்துத் தேர் திரும்புகிறது என்று யாரோ சொல்ல, சனம் எல்லாம் ஒரு பக்கமாகத் தள்ளியது. நானும் அதோடு போனேன்.

முதலில் அது ஒன்றும் பெரிய தூரமில்லை. பத்துப் பதினைந்து அடிக்குள் மச்சாளின் முதுகும் சடையும் தெரிந்தன. ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள். ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதோடு, அவளை மச்சாள் என்று கூப்பிட வேண்டும். பதற்றத்தில் எனக்கு வாயில் அக்கா என்றுதான் வரும். நான் சொல்லை மனதுக்குள் சரிசெய்து முடிப்பதற்குள் சடை மறைந்துவிட்டது.

எவ்வளவு நேரம் அந்தக் கூட்டத்தில் சுற்றினேனோ தெரியாது. பூத்தட்டு விற்றுக்கொண்டிருந்த ஒரு சிங்களப் பெண் என் கையைப் பிடித்தாள். "துவே, அம்மா கோ?" என்றாள். அதில் அம்மா மட்டும்தான் எனக்கு விளங்கியது. அந்த ஒரு சொல்லே போதுமாயிருந்தது, அழத் தொடங்கினேன். சத்தம் வராமல் அழுதேன். சத்தம் போட்டு அழுதால் அதிலும் இந்தியா தெரிந்துவிடுமோ என்று பயம். அவள் ஒரு வாழைப்பழத்தை உரித்து என் கையில் தந்தாள். என் வாயைப் பார்த்தாள், காதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தன் தட்டுகளைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு என்னை அறிவிப்புக் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே சால்வையை இடுப்பில் கட்டிய ஒரு தொண்டர் ஒலிவாங்கியின் முன் இருந்தார். கண்ணாடி போட்டவர், பொறுமையானவர். பெயரைக் கேட்டார், தகப்பன் பெயரைக் கேட்டார். நான் பேசாமல் நின்றேன். "வாய் பேசாதோ? சரி சரி, எழுதிக் காட்டும் பாப்பம்" என்று ஒரு கொப்பியையும் பேனையையும் தள்ளினார். கொப்பியில் கோடு போட்டுப் பிரித்திருந்தார்கள். பெயர், தகப்பன் பெயர், ஊர்.

பெயரை எழுதலாம். அதில் ஆபத்து ஒன்றுமில்லை. ஊருக்கு என்ன எழுதுவது? அம்மாவின் ஊரை நான் கண்டதே இல்லை. மாமாவின் ஊருக்கு வந்து ஒரு மாதமாகவில்லை. அது எங்கள் ஊர் என்று அம்மாவே சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த ஊரை எழுதினால் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். பெயரை மட்டும் எழுதி ஊரை விட்டால், ஏன் விட்டாய் என்று கேட்பார்கள். பேனையைப் பிடித்தபடி அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொண்டர் கொப்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பாவம், பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பயில்லைப் போல" என்றார்.

முகாம் பள்ளியில் தமிழில் எப்போதும் நான்தான் முதல். அந்த அவமானத்தையும் விழுங்கினேன்.

"பத்து வயது மதிக்கத்தக்க, பச்சைப் பாவாடை அணிந்த, வாய் பேச முடியாத பெண்பிள்ளை ஒன்று எமது பொறுப்பில் இருக்கின்றது. உரியவர்கள் உடனடியாக வரவும்" என்று தொண்டர் மூன்று தடவை அறிவித்தார். பிறகு அதையே இன்னொருவர் சிங்களத்தில் சொன்னார். ஒவ்வொரு முறையும் நான் வாசலைப் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை.

அந்த நேரம் மறுபக்கத்தில் நடந்ததை மச்சாள் எனக்குப் பிறகு சொன்னாள். அறிவிப்பு அவர்களுக்கும் நன்றாகவே கேட்டிருக்கிறது. அம்மா நெஞ்சில் கையை வைத்து, "ஐயோ, வாய் பேசாத பிள்ளையாம். பெத்தவள் என்ன பாடு படுறாளோ" என்றாளாம். அந்தப் பிள்ளையும் தாயிடம் சேர வேண்டும் என்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, என்னைத் தேட ஓடியிருக்கிறாள். பத்து வயதும் பச்சைப் பாவாடையும் அவர்கள் ஒருவர் காதிலும் விழவே இல்லை; வாயைத் திறக்காதே என்று தானே சொன்னது மாமாவுக்கும் நினைவுக்கு வரவில்லை. கொட்டகைக்குப் போய்ச் சொல்லுவோம் என்று மச்சாள் அழுதிருக்கிறாள். மாமா சம்மதிக்கவில்லை. பெயர் விபரம் கேட்பார்கள், அடையாள அட்டை கேட்பார்கள், பிள்ளையின் தாள் எங்கே என்று கேட்பார்கள், நாங்களே தேடிப் பிடிப்போம் என்று நின்றாராம்.

மத்தியானமாகியும் என்னைத் தேடி ஒருவரும் வராததால் வீதியோரம் போட்டிருந்த பொலிஸ் கொட்டிலுக்கு மாற்றினார்கள். பொலிஸ் என்ற எழுத்தைப் பார்த்ததும் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அங்கிருந்த பொலிஸ்காரி என்னைத் தூக்கிக் கதிரையில் இருத்தினாள். தேத்தண்ணியும் பிஸ்கட்டும் தந்தாள். கையால் ஏதேதோ சைகை செய்து கேட்டாள். எனக்கு ஊமைச் சைகையும் தெரியாது. இரண்டு மொழியோடு மூன்றாவதாக அதிலும் தோற்றுப்போய் உட்கார்ந்திருந்தேன்.

தொண்டர் வந்து எட்டிப் பார்த்தார். கூட வந்தவரிடம், "பின்னேரம் வரைக்கும் பாப்பம். ஒருத்தரும் வராட்டில் சிலாபத்துக்குக் கொண்டு போவினம். இப்பிடிப் பிள்ளையளை வைச்சுப் பாக்கிற இல்லம் எங்கையாவது இருக்கும்தானே" என்றார். எனக்கு முன்னாலேயே சொன்னார். வாய் பேசாதென்றால் காதும் கேளாது என்று நினைத்திருக்க வேண்டும்.

விமானத்தில் தனியே போவதா, ஊமைப் பிள்ளைகளோடு இருப்பதா என்று யோசித்தேன். அங்கே போனால் சாகும்வரை பேசாமல் இருக்க வேண்டும். ஒரு நாள் தெரியாமல் பேசிவிட்டால், பொய் சொன்னதற்கு அங்கிருந்தும் துரத்துவார்கள். விமானமே பரவாயில்லை என்று முடிவெடுத்தேன். அங்கே போய் இறங்கினால் அப்பாவாவது இருப்பார். பொலிஸ்காரியிடம் உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. காலையிலிருந்து மூடிவைத்த வாய். பயத்தில் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டியிருந்தது. நிஜமாகவே ஊமையாகிவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போதுதான் கொட்டிலுக்கு மேலே மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. யாரோ, "கிட்டப் பிடியுங்கோ அம்மா" என்று சொல்வது கேட்டது. பிறகு அம்மாவின் குரல்.

"ஐயா, யாராச்சும் எம் பொண்ணப் பாத்தீங்களா? பத்து வயசுங்க. பச்சைப் பாவாட போட்டிருக்கா. நல்லாப் பேசுவாளுங்க, அவ ஊமை இல்லீங்க, நாங்கதான் பேசாதேன்னு சொல்லி வச்சோம்." மூச்சு வாங்கும் சத்தம் அந்த இடமெங்கும் கேட்டது. "கண்ணு, எங்கடி இருக்க? அம்மா இங்கதான் இருக்கேன். பயப்படாத. வாயத் தொறந்து யாருகிட்டயாச்சும் பேசுடி!"

அறிவிப்பு இன்னொரு தடவை போனபோது, பச்சைப் பாவாடை என்பது கடைசியில் அம்மாவின் காதில் விழுந்திருந்தது. மாமாவின் கையை உதறிவிட்டுக் கொட்டகைக்கு ஓடி, தொண்டரின் கையிலிருந்த ஒலிவாங்கியைத் தானே பிடுங்கினாளாம்.

நான் கதிரையிலிருந்து குதித்தேன். "அம்மா! நான் இங்க இருக்கேம்மா! இங்கதாம்மா இருக்கேன்!" என்று கத்தினேன். மரத்திலிருந்த ஒலிபெருக்கியைப் பார்த்தே கத்தினேன். பொலிஸ்காரியின் கையிலிருந்த தேத்தண்ணி கவிழ்ந்தது. அவள் வாயைப் பிளந்து என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே என்னை இழுத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி ஓடினாள்.

கொட்டகையில் அம்மா என்னை முதலில் அடித்தாள். பிறகு கட்டிப்பிடித்தாள். மாமா ஓர் ஓரத்தில் நின்றார். சேட்டு முழுவதும் வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அவர் பயந்த இடத்துக்கே எல்லோரும் வந்து சேர்ந்திருந்தோம்: பொலிஸ், மேசை, கொப்பி, பேனை.

"ஊர்?" என்று தொண்டர் கேட்டார். அம்மா மாமாவைப் பார்த்தாள்.

"முந்தல்" என்றார் மாமா, தேவைக்கு மேல் சத்தமாக.

தொண்டர் எழுதவில்லை. கண்ணாடிக்கு மேலால் அம்மாவைப் பார்த்தார். "முந்தல் ஆக்கள் இப்பிடிக் கதைக்க மாட்டினமே. அம்மா இந்தியாவோ?"

நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். மாமா பொலிஸ்காரியைப் பார்த்தார். இதோ முடிந்தது என்று நினைத்தேன்.

"இல்லை, இல்லை. நான் வன்னி. அங்க இருபது வருசம் முகாமில இருந்தனான்" என்றாள் அம்மா. இப்போது ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்துச் சொன்னாள்.

"அதுதானே பாத்தன்" என்றார் தொண்டர். மாமாவைப் பார்த்துச் சிரித்தார். "இருபது வருசமெண்டால் கதை மாறாமல் என்ன செய்யும்? மைக்கில கேக்கேக்கை நான் சுத்த இந்தியாக்காரி எண்டெல்லோ நினைச்சன்." கொப்பியில் முந்தல் என்று எழுதி மாமாவிடம் கையெழுத்து வாங்கினார். ஒருவரும் ஒரு தாளையும் கேட்கவில்லை. பொலிஸ்காரி என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

அர்ச்சனை செய்தோமா என்பது எனக்கு நினைவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் மாமாவும் மச்சாளும் முன்னால் இருந்தார்கள். மாமா என்னைத் திட்டவில்லை. இரண்டு கடதாசிச் சரையில் கச்சான் கடலை வாங்கித் தந்தார். அம்மா யன்னலோரம் இருந்தாள். நான் அவளோடு ஒட்டிக்கொண்டு கச்சான் உடைத்துத் தின்றேன். எனக்குக் கதைத்துக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது.

நெடுநேரம் கழித்து அம்மா என் பக்கம் குனிந்தாள். மாமாவுக்குக் கேட்காத குரலில், "மைக்கில என்ர கதை எப்பிடி இருந்தது?" என்று கேட்டாள்.

சத்தம் போதுமாயிருந்ததா என்று கேட்கிறாள் என நினைத்தேன். அவ்வளவு சனத்துக்கு முன்னால் ஒலிவாங்கியைப் பிடுங்கிப் பேசியவள். அவளை எப்படியாவது பாராட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

"சூப்பரா இருந்துச்சும்மா. ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக் கேட்டுச்சு. அப்படியே நம்ம ஊர்ல பேசற மாதிரியே இருந்துச்சு" என்றேன்.

அம்மா என் தலையைத் தடவினாள். பிறகு முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளியே தென்னந்தோட்டங்கள் போய்க்கொண்டிருந்தன. அவள் அவற்றைத்தான் பார்க்கிறாள், என் பதில் அவளுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, நான் அடுத்த கச்சானை உடைத்தேன்.